கடப்பு இல்லாத சுவர்

சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்த என் தங்கை கமறுவுக்கு,

ராத்தாவின் ஸலாம். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போகிற ஆண்கள் வாசலிலேயே அங்கு உறங்குபவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பெண்களான நமக்கு அங்கே போக்குவரத்து இல்லை. உன்னை எந்த மூலையில் வைத்தார்கள், மரத்தடியிலா மதிலோரத்திலா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் சொல்லியனுப்புகிறேன். தபால் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தினவள், இன்று சொந்தமாக ஒன்று எழுதுகிறேன். விலாசத்துக்கு என்ன எழுதுவது? நீ இருக்கும் இடமாக எனக்குத் தெரிந்தது இந்தச் சுவர் ஒன்றுதான்.

முதலில் நம் மாடிச் செய்திகள். லிப்ட் இப்போது கதைக்கிறது. கதவு மூடப்போகிறது என்று ஒரு பெண் இங்கிலீசில் சொல்கிறாள். நீ இருந்திருந்தால் அவளுக்கும் பதில் சொல்லி, அவளுடைய ஊர் எது, எத்தனை பிள்ளை என்று கேட்டிருப்பாய். பல்கனியில் உடுப்புக் காயப்போடக் கூடாதென்று மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். மூன்று மொழிக்காரரும் காயப்போடுகிறார்கள். நாலாம் மாடியில் ஒரு நாய் குடிவந்திருக்கிறது. உனக்கு நாயென்றால் உயிர் போகும், நீ படியில் இறங்கியே ஆறு மாடியும் போயிருப்பாய்.

நம் ஜன்னலில் தெரிந்த அந்த விரலளவு கடலை, எதிரில் எழும்பிய கண்ணாடிக் கட்டடம் மறைத்துவிட்டது. அது கடல்தான் என்று நீ சாதிப்பாய். துறைமுகத்துத் தகரக்கூரை என்று நான் சொல்வேன். யார் சொன்னது சரி என்று பார்க்க இனி வழியில்லை. இப்போது யோசித்தால் அது கடலாகவே இருந்திருக்கலாம், கமறு.

நம் கதையைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

சாய்ந்தமருதில் உம்மா நம் இருவருக்கும் ஒரே வளவைப் பிரித்து இரண்டு வீடு தந்தா. நம் பக்கத்தில் கலியாணமானால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி, வேலியில் ஒரு கடப்பு. ஆள் குனிந்து போகிற அளவு இடைவெளி, அவ்வளவுதான். அந்தக் கடப்பால்தான் கறி போனது, பிள்ளைகள் போனார்கள், சண்டையும் போனது. வாப்பா மவுத்தானபோது உம்மா நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தா. கணவனை இழந்தவள் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கிற அந்தக் காலத்திலும், அவ கடப்பால் என் வீட்டுக்கு வருவா, உன் வீட்டுக்குப் போவா. தெருவுக்கு அது தெரியாது.

கடல் வந்து இரண்டு வீட்டையும் வேலியையும் கொண்டுபோனது. பிறகு கட்டிய வீட்டை நான் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, கொழும்பில் கடை வைத்திருந்த உன் மச்சானோடு இந்த மருதானை மாடிக்கு வந்தேன். புருசனை எப்போதோ இழந்திருந்த நீ, மகன் றியாஸுக்கு இங்கே வேலை கிடைத்ததும் அடுத்த வீட்டைப் பிடித்தாய். ஆறாம் மாடி, எனக்கு பி, உனக்கு சி. என் விறாந்தைச் சுவரின் மறுபக்கம் உன் படுக்கை அறை.

வந்த கிழமையே நீ சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்.

"ராத்தா, மனேஜர்ட்டக் கேப்பமா? ஒரு சின்னக் கடப்பு போதும். நான் குனிஞ்சி வருவன்."

நான் சிரித்தேன். நீ உண்மையாகவே போய்க் கேட்டாய். அந்த மனிதர் பாவம், இது கொங்கிறீட் என்று விளங்கப்படுத்தியிருக்கிறார். அதன் பிறகுதான் அகப்பைக் காம்பால் தட்டுகிற பழக்கம் வந்தது. இரண்டு தட்டென்றால் தேத்தண்ணி ஊற்றியாயிற்று, வா. மூன்றென்றால் கல்முனை பஸ்ஸில் மீன்பெட்டி வந்திருக்கிறது, சட்டியோடு வா. அந்தச் சுவரிலே நமக்கு எல்லாம் சொல்ல முடிந்தது. உன் கதவுக்கும் என் கதவுக்கும் நடுவே மூன்று அடிதான். ஆனால் அந்த மூன்று அடியும் தெரு. யாரும் வரலாம், யாரும் பார்க்கலாம்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதுவரை சுற்றி வளைத்ததெல்லாம் பயத்தில்தான்.

உன் மச்சான் மவுத்தாகி நான் இத்தாவில் இருந்தேன். ஐம்பத்திரண்டாம் நாள். விடிந்ததிலிருந்து மாடி முழுக்கப் பெயின்ற் மணம். நம் நடைபாதைக்கு நிறம் பூச மூன்று பேர் ஏணியோடு வந்திருந்தார்கள். நீ வழக்கம்போல எனக்குக் காலைச் சாப்பாடு கொண்டுவந்தாய். இரண்டு கையிலும் கோப்பை, தோளால் கதவைத் தள்ளினாய், அது அகலத் திறந்துகொண்டு நின்றது. ஏணியில் நின்றவன் என்னை நேருக்கு நேர் பார்த்தான். தலையில் துணிகூட இல்லாமல் இருந்தேன்.

நான் கத்தினேன். உனக்கு ஞாபகம் இருக்கும். "வெக்கம் மானம் இல்லயா ஒனக்கு? கதவத் திறந்து போட்டுட்டு வாற. நான் கூப்பிடாம இனி இஞ்ச வராத."

நீ கோப்பைகளை மேசையில் வைத்தாய். முகம் வாடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "சரி ராத்தா. நீங்க கூப்பிட்டா வாறன்" என்று சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாய்.

பத்தரை மணி தாண்டியிருக்கும். சுவரில் தட்டுச் சத்தம் கேட்டது. இரண்டுமில்லை, மூன்றுமில்லை. நாலு தரம் கேட்டது, நின்றது, ஒன்று கேட்டது, பிறகு சுவரில் எதுவோ உரசிக்கொண்டு இறங்கியது. பார் இவளை, கோபத்தில் விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். நானும் இரண்டு தட்டுத் தட்டினேன். பதில் இல்லை. மனம் கேட்காமல் உனக்குக் கோல் எடுத்தேன். போன் சுவருக்குள்ளால் அடிப்பது எனக்குக் கேட்டது. அடித்து ஓய்ந்தது.

நான் கதவடிக்குப் போனேன், கமறு. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கதவை விரல் நுழையுமளவு திறந்தேன். உன் வாசலுக்கு நேரே ஏணி, ஏணியில் அதே ஆள், கீழே இரண்டு பேர் வாளியோடு. மூன்று அடி. நான் கதவைச் சாத்தினேன். ஆட்கள் பகல் சாப்பாட்டுக்குப் போனதும் போவோம் என்று வந்து கதிரையில் இருந்தேன். சிறிது நேரத்தில் கருகல் மணம் வந்தது. ரோசத்தில் அடுப்பையும் மறந்துவிட்டாள் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒரு மணிக்கு றியாஸ் சாப்பிட வந்தான். அவனுடைய சத்தம் கேட்ட பிறகு நான் எப்படி அங்கே வந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஏணி அதே இடத்தில் நின்றது. ஆண்கள் நிறைந்து நின்றார்கள். என் தலையில் துணி இருந்ததா என்றுகூடத் தெரியாது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் என்னைப் பார்க்கவுமில்லை. அந்த மூன்று அடி அவ்வளவு லேசாக இருந்தது.

உயிருக்கு ஆபத்தென்றால் இத்தாவில் இருக்கிறவளும் வெளியே போகலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது எனக்கு அன்றும் தெரியும். மார்க்கம் என்னைக் கட்டிப்போடவில்லை. இத்தாவில் இருக்கிறவள் வாசலில் நின்றாள் என்று நாலு பேர் கதைப்பார்களே என்கிற பயம் கட்டிப்போட்டது. அதற்கு மேல் என் பிடிவாதம். கூப்பிடாமல் வராதே என்று சொன்னவள், அதே காலையில் நானே போய் நிற்பதா என்று இருந்தது. நீ வராமல் இருந்ததற்கும் நான்தானே காரணம்? நெஞ்சு நோகத் தொடங்கியதும் நீ என் கதவுக்கு வந்திருப்பாய். நான் வராதே என்றதால் சுவருக்குப் போனாய். அப்படித்தானா, கமறு?

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு உன்னைக் கொண்டுபோனார்கள். உன்னை வைத்த சந்தூக்கு லிப்டுக்குள் நுழையவில்லை. ஆறு மாடியும் படியால் சுமந்து இறக்கினார்கள். உன்னைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. உன் வலது கைவிரல்கள் மடங்கியே இருந்தன. நான்தான் நிமிர்த்திவிட்டேன்.

ஏழாம் நாள் றியாஸ் என் முன்னால் வந்து இருந்தான். டொக்டர்மார் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லையாம். நேரத்தோடு கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் இருக்கலாம் என்றார்களாம். பிறகு அவன் கேட்டான்.

"பெரியம்மா, உம்மா சுவரத் தட்டல்லயா?"

"இல்ல மகன்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் ஒன்றேகால் வருடம் வாழ்ந்தேன். றியாஸ் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்துவிட்டு, கூட்டாளிமாரோடு வேறு இடத்தில் தங்கப் போனான். மகள் ஊருக்கு வரச்சொல்லி அழுதாள். நான் போகவில்லை. இங்கே தண்ணீர் ஒழுங்காக வருகிறது, ஆஸ்பத்திரி கிட்ட என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணத்தை அவளுக்கு எப்படிச் சொல்வேன்? நீ போய் இரண்டு மாதத்தில் சுவர் மறுபடி தட்டத் தொடங்கியிருந்தது.

வெறும் வீட்டிலிருந்து. அநேகமாகப் பத்தரை மணிக்கு. நாலு, பிறகு ஒன்று. சில நாள் ஐந்து. பட்டப்பகலில், கீழே பஸ் ஹோர்ன் அடிக்க, எதிர்க் கட்டடத்தில் ஆட்கள் வேலை செய்ய, என் கையில் அரைவாசி உரித்த வெங்காயத்தோடு நான் அசையாமல் நின்று கேட்டிருக்கிறேன். ஓதிப் பார்த்தேன். றேடியோவைச் சத்தமாக வைத்தேன். கதிரையை எதிர்ச் சுவரோடு மாற்றிப் போட்டேன். சாவி என் அலுமாரியில் இருந்தது. ஒருநாள்கூட நான் போய்த் திறக்கவில்லை. இரண்டாம் தரமும் போகவில்லை என்றால் பார்த்துக்கொள்.

கடைசியில் செக்கியூரிட்டியிடம் ஏதோ எலித் தொல்லைபோலச் சொன்னேன். அவர் குழாய் வேலை செய்கிற பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் நடைபாதையில் உள்ள பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டரைப் போடும்போது குழாய்க்குள் காற்று அடைத்து இப்படித் தட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பத்தரைக்குத்தான் மோட்டர் போடுவார்களாம்.

எனக்கு அன்று எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அன்றைக்கும் அது குழாயாக இருந்திருக்கலாம் அல்லவா? நீ தட்டவே இல்லை, நான் கேட்டது தண்ணீரை, றியாஸிடம் சொன்னது பொய்யே இல்லை. இந்த மோட்டரை எப்போது பூட்டினீர்கள் என்று பாஸிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில்தான் கிடைக்கும். கேட்காமல் விட்டால் இரண்டும் என் கையில் இருக்கும். சத்தம் கேட்கிறபோதெல்லாம் குழாய், குழாய் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல நம்பிக்கை குறைந்துகொண்டே போனது.

போன கிழமை றியாஸ் வந்தான். அவனுக்குக் கலியாணம், கமறு. பெண் மருதமுனை. ஊர் வழக்கப்படி அவன்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் வேலை இங்கே என்பதால் அவளை இங்கே கூட்டிவரப் போகிறான், உன் வீட்டுக்கு. ஆண் பிள்ளை பெற்றவளுக்குக் கடைசியில் வீடும் இல்லை மருமகளும் இல்லை என்று நீ பகிடியாகச் சொல்வாயே. உன் வீட்டுக்கு மருமகள் வருகிறாள். நம் பரம்பரையில் யாருக்கு இது நடந்தது?

வீட்டைத் துப்புரவாக்க இருவரும் போனோம். ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு அந்தக் கதவைத் திறந்தேன். உன் கட்டிலை அவன் சுவரிலிருந்து இழுத்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்துகிடந்தது உன் சிரட்டை அகப்பை. அதில் சொதி மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அடுப்படியிலிருந்து கையோடு கொண்டுவந்திருக்கிறாய். சுவரில், படுத்திருப்பவரின் கை எட்டும் உயரத்தில், நாலைந்து வடுக்கள். அங்கிருந்து கீழே ஒரு மஞ்சள் கோடு.

அவன் அகப்பையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். நான்தான் சொன்னேன். ஏணி, கதவு, விரல் அகலம், கருகல் மணம், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரிந்ததால் மூச்சுவிடாமல் சொன்னேன். அழவில்லை, அழுதால் அவன் என்னைத் தேற்ற வேண்டிவரும். அது அவனுக்கு நான் செய்கிற இன்னொரு அநியாயம்.

அவன் கட்டிலின் ஓரத்தில் இருந்தான். "எனக்குத் தெரியும் பெரியம்மா" என்றான். "உம்மாட போன்ல ஒங்கட மிஸ்ட் கோல் இரிக்கி. பத்து நாப்பத்தொண்டு. நீங்க ரெண்டு பேரும் எப்ப கோல் எடுத்துக் கதைச்ச? சுவரத்தானே தட்டுற. அண்டைக்கு மட்டும் ஏன் கோல்?"

அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் பிறகு வந்து, என் கையால் சோறு வாங்கித் தின்று, பிரஷருக்கு மருந்து போட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனானே, அத்தனை நாளும் தெரிந்துகொண்டுதான். நானாகச் சொல்வேனா என்று காத்திருந்திருக்கிறான். உன் பிள்ளை அவன், வேறு எப்படி இருப்பான்?

என்னைப் பொருந்திக்கொள், மன்னித்துவிடு மகன் என்று கேட்டேன். அவன் நெடுநேரம் அகப்பைக் காம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ட பங்க நான் பொருந்திட்டன். உம்மாட பங்க உம்மாட்டத்தான் கேக்கணும்."

அதனால்தான் இந்தக் கடிதம். தொழுகை விட்டதற்கு அல்லாஹ்விடம் கேட்கலாம், அவன் மன்னிப்பான். மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதரிடம்தான் கேட்க வேண்டும் என்று சின்ன வயதில் நாம் இருவரும் ஒரே பாயிலிருந்துதானே ஓதினோம். நான் உன்னிடம் கேட்கிறேன், கமறு. நீ தட்டியது எனக்குக் கேட்டது. நான் வரவில்லை. என்னைப் பொருந்திக்கொள். உன் பதில் எந்த வழியால் வரும் என்று எனக்குத் தெரியாது. வராமலே போகலாம். அதையும் நான் இருந்து அனுபவிக்கத்தான் வேண்டும்.

றியாஸ் அந்த அகப்பையைக் கழுவினான். வடுக்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அதில் தொங்கவிட்டான். சுவருக்குப் பெயின்ற் பூசட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். கதவைப் பூட்டப் போகும்போது திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று கேட்டான்.

"நான் வேலைக்குப் போனா அவள் தனியத்தான் இருப்பாள். அவள் தட்டினா வருவீங்களா, பெரியம்மா?"

"ஓம்" என்றேன்.

நாளை மறுநாள் அவள் வருகிறாள். சாவி இப்போது அலுமாரியில் இல்லை, என் கதவின் கைப்பிடியிலேயே தொங்குகிறது. இந்த ஆறு நாளும் பத்தரைக்குச் சுவர் தட்டுகிறபோது நான் எழுந்து போகிறேன். தலையில் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகிறேன். நேற்று நடைபாதையில் கேபிள் பூட்டுகிற இரண்டு ஆட்கள் நின்றார்கள். அவர்களை விலத்திக்கொண்டு போனேன். உன் கதவைத் திறந்து, வெறும் அறையைப் பார்த்து, ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். அது குழாய்தான் என்று எனக்குத் தெரியும். குழாயென்றாலும் போவேன். உன் மருமகள் கறிவேப்பிலைக்குத் தட்டினாலும் போவேன், பிழையாகத் தட்டினாலும் போவேன். இரண்டா மூன்றா என்று இனி எண்ண மாட்டேன்.

மூன்று அடிதான், கமறு. நீ கூப்பிட்டா வாறன்.

பிந்தி வருகிற,
உன் ராத்தா